முந்திரி மரங்களுக்கு வணக்கம்

மைக்கைப் பார்த்ததும் மணிமாறனுக்கு வாய் ஒட்டிக்கொண்டது. இத்தனைக்கும் கொள்ளிடத்தின் இந்தக் கரையில் நின்று அந்தக் கரை மாட்டை அதட்டக்கூடிய தொண்டை அவனுக்கு.

"பேசுடா," என்றார் தங்கராசு சார்.

"என்ன சார் பேசுறது?"

"நம்ம ஊருன்னுதானடா தலைப்பு குடுத்தேன்."

"நம்ம ஊரு," என்று மைக்கில் சொல்லிவிட்டு மணிமாறன் இறங்கி வந்துவிட்டான்.

திருமானூருக்குப் பக்கத்து நடுநிலைப் பள்ளி அது. ஏழாம் வகுப்பில் மற்றவர்கள் அந்த அளவுக்குக்கூடப் போகவில்லை. வெள்ளிக்கிழமை பிள்ளைகளின் பேச்சுத் திறனைச் சோதிக்க ஆள் வருகிறது.

"உங்க கிளாஸ் சொதப்புச்சுன்னா மே மாசம் முழுக்க உங்களுக்குப் பெரம்பலூர்ல பயிற்சி சார். நான் ஒண்ணும் பண்ண முடியாது," என்று தலைமையாசிரியை அமிர்தவல்லி கையை விரித்துவிட்டார்.

மே மாதம் தங்கராசு குடும்பத்தோடு ஊட்டிக்குப் போவதாக ஏற்பாடு. கல்யாணமான நாளிலிருந்து சொல்லிச் சொல்லி இந்த வருஷம்தான் டிக்கெட் எடுத்திருக்கிறார். மனைவி புவனேஸ்வரி ஸ்வெட்டர் வாங்கி, அரியலூர் வெயிலில் தினமும் போட்டுப் போட்டுப் பார்க்கிறாள். அவளிடம் போய் ஊட்டி இல்லை என்று சொல்லும் துணிச்சல் அவருக்கு இல்லை. இந்த ஜில்லாவிலேயே யாருக்கும் இல்லை.

ஆரம்பிப்பதுதான் சிக்கல் என்று அவராக ஒரு முடிவுக்கு வந்து, அவை வணக்கம் சொல்லிக் கொடுத்தார். அது மட்டும் பிள்ளைகளுக்கு உடனே வந்துவிட்டது. காதுகுத்து, கட்சிக் கூட்டம் என்று பிறந்ததிலிருந்து கேட்கிற சங்கதியாயிற்றே. மணிமாறன் தலைமையாசிரியை அவர்களே என்று தொடங்கி, சத்துணவு அக்கா அவர்களே, மைக்செட் அண்ணன் அவர்களே என்று ஒருவர் விடாமல் கும்பிட்டு, ஆள் தீர்ந்துபோய், "கொடிக்கம்பம் அவர்களே" என்றான். அதற்குள் பள்ளி மணி அடித்துவிட்டது. தலைப்பு வரவே இல்லை.

"முன்னாடி யாரு இருக்காங்கன்னு பாக்குறதாலதாண்டா இந்த வினை," என்றார் தங்கராசு மறுநாள். "முன்னாடி இருக்கறது ஆளே இல்ல. எல்லாம் முந்திரி மரம்னு நெனச்சுக்க. யாரு என்ன சொன்னாலும் காதுல வாங்காத. நிறுத்தாத. அடுத்தவன் பேசுனா அதுக்கு மேல சத்தமாப் பேசு. புரிஞ்சுதா?"

புரிந்தது. சாயங்காலம் மணி அடித்தும் ஒருவனும் நிறுத்தவில்லை. போதுமென்று அவரே கத்திப் பார்த்தார். முந்திரி மரம் சொன்னால் யார் கேட்பார்கள்?

வெள்ளிக்கிழமைக்குள் கொஞ்சம் அடக்கிவிடலாம் என்றுதான் இருந்தார். ஆனால் புதன்கிழமை காலையிலேயே ஜீப் வந்து நின்றுவிட்டது. தலைமையாசிரியையோ லீவு போட்டுவிட்டுக் கல்லங்குறிச்சிக் கோயிலுக்குப் போயிருந்தார். போன் போட்டால் எடுக்கவில்லை.

ஜீப்பிலிருந்து இறங்கியவர் நர்மதா மேடம். பூனை நடப்பது போல அவ்வளவு மெல்லிய குரல். வகுப்பில் வந்து நின்று, "குட்டிங்களா, இன்னிக்கு நாம என்ன செய்யப் போறோம்னா..." என்று ஆரம்பித்தார்.

"எல்லாம் தெரியும் மேடம். புள்ளைங்க ரெடி," என்றார் தங்கராசு.

"அப்படியா, சரி. ஒரு ஊர்ல ஒரு கழுதை இருந்துச்சாம். ஒரு நாள் அது கயித்த அவுத்துக்கிட்டு..."

"நீங்க ஏன் மேடம் தொண்டையக் கெடுத்துக்கிறீங்க? அவங்களே பேசுவாங்க. ஏந்திரிடா மணிமாறா."

மணிமாறன் எழுந்து கண்ணை மூடிக்கொண்டான். "பெருமதிப்பிற்குரிய முந்திரி மரங்களே, ஜீப்பில் வந்திருக்கும் புது முந்திரி மரம் அவர்களே..."

"தம்பி, கதை முடியட்டும்பா," என்றார் மேடம்.

மணிமாறன் காதில் வாங்கவில்லை. அவன் சத்தத்துக்கு மேல் வேணி எழுந்து பேசினாள். வேணிக்கு மேல் மூன்றாம் பெஞ்சு முழுக்கப் பேசியது. கொஞ்ச நேரத்தில் வகுப்பே எழுந்து நின்று ஆளுக்கொரு ஊரைப் பற்றி முழங்கியது. மேடம் பாவம், விடாமல் கதையைச் சொல்லி முடித்தார். உதடு அசைந்ததுதான் தெரிந்தது. பிறகு வாயருகே கையைக் குவித்துக்கொண்டு கேட்டார்.

"கழுதை எங்க போச்சு? யாராச்சும் சொல்லுங்கப்பா, கடைசியில அந்தக் கழுதை எங்க போச்சு?"

"கழுதையெல்லாம் உள்ள வராது மேடம். போன வருஷமே காம்பவுண்டு சுவரு கட்டியாச்சு," என்றார் தங்கராசு.

மேடம் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். ஏதோ குறித்துக்கொண்டு, பையை எடுத்துக்கொண்டு, காதைப் பொத்தியபடி கைகழுவும் குழாயடிக்குப் போய்த் தண்ணீர் குடித்தார்.

தங்கராசுவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. இரண்டே வார்த்தை பேசிவிட்டு இறங்கிய வகுப்பு இது. வராந்தாவுக்கு ஓடி வந்து வீட்டுக்குப் போன் போட்டார். "புவனா, ஸ்வெட்டரை எல்லாம் பெட்டியில எடுத்து வையி. ஒரு புள்ள வாயை மூடலடி."

ஜீப் ஓட்டி வந்த அமாவாசை ஜன்னல் பக்கம் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். தங்கராசு போனை வைக்கும்வரை காத்திருந்துவிட்டு அருகில் வந்தார்.

"பேசுறதப் பாக்க வேற மேடம் வெள்ளிக்கிழமை வருவாங்க சார். இவங்க, புள்ளைங்க காது குடுத்துக் கேக்குதான்னு பாக்க வந்தவங்க."