கெவின் தந்த ஈஸ்டும் வெள்ளிக்கிழமைப் பஜனையும்

என்னை நம்பி ஒரு பொருளைக் கையில் தந்த முதல் வெள்ளைக்காரர் கெவின். பாவம், ஆள் தெரியாமல் தந்துவிட்டார்.

எழுபதுகளின் நடுப்பகுதி. மெல்பேர்னில் ஒரு தொழிற்சாலையில் நான் புதுப் பொறியியலாளன். கெவின் என் மேலாளர். வீட்டில் பியர் காய்ச்சச் சட்டம் இடம் கொடுத்த புதிது என்பதால் அவருக்கு அந்தப் பித்துத் தலைக்கேறியிருந்தது. கோடை விடுமுறைக்குப் புறப்படும்போது ஒரு கண்ணாடிப் போத்தலை நீட்டினார். உள்ளே கஞ்சி மாதிரி ஏதோ.

“இது பியரைப் புளிக்கவைக்கும் உயிருள்ள ஈஸ்ட். நான் வரும்வரை பிரிட்ஜில் வை. மூடியை மட்டும் இறுக்காதே, அது மூச்சு விடும். இங்கே குடிக்காதவன் நீ ஒருவன்தான், அதனால்தான் உன்னிடம் தருகிறேன்.”

என் வேலையை நிரந்தரமாக்கும் கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டியவர் அவர். ட்ராமில் போத்தலை மடியில் வைத்து, கைக்குழந்தையைப் போலக் கொண்டுவந்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமைப் பஜனை எங்கள் வீட்டு முறை. (கோயில் இல்லாத காலம். சாமிதான் வீடு வீடாக வருவார்.) மனைவி பாயாசச் சட்டியோடு பிரிட்ஜைத் திறந்தாள்.

“இந்த நாத்தத்துக்குப் பக்கத்திலை பாயாசம் வைக்கேலாது. வெளியிலை எடுங்கோ!”

எடுத்தேன். மணம் வராமலிருக்க, முழுப் பலத்தையும் போட்டு மூடியை இறுக்கினேன். (படித்தது பொறியியல், கவனியுங்கள்.) சாமிப் படம் வைத்த மேசைக்குக் கீழே துணியால் மறைத்தேன். வெளியே தார் உருகும் வெயில்.

பஜனை தொடங்கியது. பாடியவர் தம்பிராசா அங்கிள். வெங்காயம்கூடத் தொடாத ஆசாரக்காரர். அவர் உச்சஸ்தாயிக்குப் போன நேரம் பார்த்து, டமார்! துணி பறந்தது. மூடி ஆர்மோனியத்தில் மோதியது. அங்கிளின் வேட்டியெல்லாம் நுரை.

“சாமி வந்திட்டார்!” என்று ஒரு அன்ரி கைகூப்பினார். அடுத்த நிமிடம் மூக்கைப் பொத்தினார். வீடு முழுக்கப் பியர் வாடை.

“ஐயோ, இது என்ரை இல்லை, கெவின்ரை!” என்றேன்.

“எல்லாரும் உப்பிடித்தான் சொல்லுறவை,” என்றார் அன்ரி.

அங்கிள் என்னைக் குசினிக்குள் அடுப்புப் பக்கம் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார். அறை விழும் என்று கன்னத்தைத் தயாராக வைத்தேன். அவரோ கையோடு எடுத்துவந்த போத்தலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“முழுக்கப் போகேல்லை தம்பி. அடியிலை ரெண்டு கரண்டி கிடக்கு. ஈஸ்டுக்குத் தீனி மோல்ட் எண்ட பார்லிப் பாகு. அதைத் தண்ணியிலை கொதிக்கவச்சு, நல்லா ஆறவிட்டு ஊத்தும். மூடியை இறுக்காதையும்.”

“அங்கிளுக்கு எப்பிடி...?”

“என்ரை கராஜிலை ஆறு வாளி பொங்குது. என்ரை மனுசிக்குச் சொல்லிப்போடாதையும்!”

மறுநாள் தேவாரப் புத்தகப் பைக்குள் மோல்ட் டின்னை ஒளித்துக் கொண்டுவந்து தந்தார். இரண்டு நாள் போத்தலுக்கு முன்னால் கதிரை போட்டுக் காவலிருந்தேன். மூன்றாம் நாள் முதல் குமிழி வந்தபோது, மனைவியைக் கட்டிப்பிடித்துத் துள்ளினேன்.

திரும்பி வந்த கெவின் போத்தலைப் பார்த்து, “போகும்போது இருந்ததைவிட உற்சாகமாக இருக்கிறதே!” என்று வியந்து கடிதத்தில் கையெழுத்துப் போட்டார்.

அதற்குள் அன்ரிமார் தொலைபேசியில் சிவம் என்ற என் பெயரைப் ‘பியர் சிவம்’ ஆக்கியிருந்தார்கள். அங்கிளிடம் விசாரித்தவர்களுக்கு அவர், “இளம் பெடியன், திருந்துவான்,” என்று சோகமாகத் தலையாட்டினாராம்!

இருபத்தைந்து வருடம் கழித்து மகளுக்குச் சம்பந்தம் பேச வந்தவர்கள் மனைவியிடம் இரகசியமாகக் கேட்டார்கள்: “உங்கடை அவர் இப்ப குடியை விட்டிட்டாரோ?”

“எங்கை விடுறது!” என்றாள் அவள். “மனுசன் இன்னும் தொடங்கவேயில்லை.”