றெமிஜியஸ் எழுதிய கதை

"அந்தப் பெண் ஏன் பக்கத்துக்குப் பக்கம் அழுறாள்? அவளுக்கு வேறை வேலை இல்லையோ?" என்று கேட்டாள் நிரூபா, கடைசித் தாளை மேசையில் வைத்தபடி.

இரத்தினவேலுக்கு முகம் சிவந்துவிட்டது. வாரக்கணக்காக மண்டையை உடைத்து எழுதிய கதை.

"அது சோகக் கதை" என்றார்.

"ஓம், வாசிக்கிறவைக்குச் சோகம்தான்."

அன்று அவர் தேத்தண்ணிகூடக் குடிக்கவில்லை. கட்டின புருசன் எழுதினான் என்பதால்தான் இவளுக்கு இளக்காரம், வேறு யாராவது எழுதியிருந்தால் தலையில் தூக்கி வைத்து ஆடுவாள் என்று முடிவுகட்டினார்.

ஆகவே அடுத்த கதையை எழுதி முடித்ததும் ஒரு வேலை செய்தார். "இது எங்கடை வேர்ஹவுஸ் றெமிஜியஸ் எழுதினது. உம்மடை அபிப்பிராயம் கேட்டவர்" என்று கொண்டுபோய்க் கொடுத்தார்.

நிரூபா சோபாவில் கால்நீட்டி இருந்து வாசித்தாள். முடித்ததும் கண்ணைத் துடைத்தாள்.

"என்ன வடிவா எழுதியிருக்கிறார். பஸ் ஸ்ரொப்பிலை நிண்டு அவள் அழுற இடம் இருக்கே, பொம்பிளையளின்ரை மனசு விளங்கின மனிசன்."

"போன கதையிலையும் ஒருத்தி அழுதவள்தானே?"

"அது வேறை அழுகை."

இரத்தினவேலுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உண்மையைச் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அவள், "ஞாயிற்றுக்கிழமை றெமிஜியஸ் அண்ணையையும் மனிசி கிளடிஸையும் சாப்பிடக் கூப்பிடுறன். நண்டுக்கறி வைப்பம்" என்றுவிட்டாள்.

அவர் நண்டு கேட்டு மாதக்கணக்காகிறது. துப்பரவாக்குவது கரைச்சல் என்று தட்டிக்கழித்தவள்.

மறுநாள் வேலையில், பெட்டி அடுக்குகளுக்குப் பின்னால் றெமிஜியஸை இழுத்துக்கொண்டுபோய் விசயத்தைச் சொன்னார்.

"எனக்குக் கதையெல்லாம் வராது, இரத்தினம்."

"நீர் ஒண்டும் கதைக்கவேண்டாம். சிரிச்சுக்கொண்டு சாப்பிட்டால் போதும்."

"அதெண்டால் செய்யலாம்."

ஞாயிறு மத்தியானம் றெமிஜியஸ் முதல் நண்டு வரைக்கும்தான் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்.

"அந்த பஸ் ஸ்ரொப் காட்சி எப்பிடி வந்தது?" என்று நிரூபா கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டார்.

"அண்டைக்கு நல்ல ஸ்நோ, தங்கச்சி. ஸ்ரீல்ஸ் றோட்டிலை பஸ்ஸுக்கு நிண்டனான். திடீரெண்டு நெஞ்சுக்குள்ளை என்னவோ செய்தது."

இரத்தினவேல் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"இவரும் ஏதோ எழுதுறவர். நேரம் கிடைக்கேக்கை இவருக்கும் கொஞ்சம் சொல்லிக்குடுங்கோ" என்றாள் நிரூபா.

றெமிஜியஸ் நண்டுக்காலை உறிஞ்சியபடி யோசித்தார். "இரத்தினம், முதலிலை அழுகையைக் குறைச்சு எழுதும்."

அவ்வளவுதான். இரத்தினவேல் சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிட்டு எழும்பினார். "அந்தக் கதையை எழுதினது நான்."

நிரூபா அவரைப் பரிதாபமாகப் பார்த்தாள். "பொறாமைப்படக்கூடாது, இஞ்சருங்கோ."

"றெமிஜியஸ், உண்மையைச் சொல்லும்."

"உண்மைதான், தங்கச்சி. அவர்தான் எழுதினவர்."

"பாத்தியளே? தன்ரை கதையையே கூட்டாளிக்கு விட்டுக்குடுக்கிறார். இப்பிடி மனம் இருந்தால்தான் எழுத்தும் வரும்" என்றவள், சட்டியில் மிஞ்சியிருந்த பெரிய நண்டை அள்ளி றெமிஜியஸின் கோப்பையில் போட்டாள்.

வந்தவர்களை வழியனுப்ப இரத்தினவேல் கார் வரைக்கும் போனார். "இனி நான் பேனையைத் தொடமாட்டன்" என்று பொதுவாகச் சொன்னார். றெமிஜியஸ் காரை ஸ்ரார்ட் பண்ணினார். அதுவரை சாப்பாட்டைத் தவிர வேறெதற்கும் வாய் திறக்காத கிளடிஸ், கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினாள்.

"கோவிக்காதேங்கோ அண்ணை, அது உங்கடை கதையெண்டு நிரூபாவுக்கு முதல் பக்கத்திலையே தெரியும், நல்லாயிருக்கெண்டு உங்களிட்டை நேரை சொன்னால் கிழமைக்கொரு கதையோடை வந்து முன்னாலை நிப்பியளெண்டுதான், எங்களுக்கு நண்டு தாறனெண்டு நடிக்கச் சொன்னவ."