தெருமுனையில் என் கண்ணீர் அஞ்சலி

எந்த முட்டாளுக்கும் தன் மூளைமேல் சந்தேகம் வருவதில்லை. எனக்கும் வரவில்லை. அதனால்தான் நிச்சயதார்த்தத்துக்கு மூன்று நாள் முன்பு, ரோடு பிரியும் வன்னியம்பட்டி விலக்கில், உச்சி வெயிலில் மல்லாந்து கிடந்தேன்.

அப்போது ராஜபாளையத்தில் ஒரு தொண்டு அமைப்பில் எனக்குத் தற்காலிக வேலை. ஊர்தோறும் அவசர உதவித் தொண்டர் குழு அமைக்கத் திட்டம். ஆபத்து என்றால் ஓடிவர ஜனங்கள் தயாரா என்று ஆராய்ந்து முதலில் படிவம் நிரப்ப வேண்டும். ஒழுங்காக நிரப்பினால் வேலை நிரந்தரம். நிரந்தரமானால்தான் கல்யாணம் என்று ஸ்ரீவில்லிபுத்தூர் மாமனார் (அப்போது வெறும் பெண்ணின் அப்பா) கறாராகச் சொல்லியிருந்தார்.

வீடு வீடாகப் போய், ஆபத்தென்றால் வருவீர்களா என்று கேட்டேன். "வராம?" என்றார்கள். படிவத்தில் 'வராம?' என்று கட்டம் இல்லை. ஆகவே மயங்கி விழுந்து, எத்தனை நிமிடத்தில் வருகிறார்கள் என்று பார்த்துவிட முடிவு செய்தேன். (கண்ணை மூடிக்கொண்டு கடிகாரம் பார்ப்பது எப்படி என்று யோசிக்கவில்லை.)

மூச்சு விடுவதற்குள் வந்துவிட்டார்கள். வலிப்பு என்று ஒருவர் என் கையில் சாவிக்கொத்தைத் திணித்தார். டீக்கடைக்காரர் முகத்தில் சோடா அடித்தார். உண்மையில் உயிரை விட்டது சட்டைப்பையில் இருந்த என் போன்தான். எழுந்து 'சும்மாதான்' என்று சொல்லியிருக்கலாம். சுற்றி நின்றவர்களின் கைகள் என் முதுகில் இறங்குமே என்று அப்படியே கிடந்தேன். லோடு ஆட்டோவில் தூக்கிப் போட்டார்கள். என் அடையாள அட்டையில் அவசரத் தொடர்புக்கு என் தாய்மாமாவின் எண் இருந்தது. தூக்குவதற்கு முன்பே ஆட்டோக்காரர் அதில் கூப்பிட்டிருந்தார்.

"அண்ணாச்சி, உங்க பையன் ரோட்டுல கெடக்கான். அசைவே இல்ல."

மாமா எதையும் பாதிதான் கேட்பார். மீதியை அவரே முடித்துக்கொள்வார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஊசியை எடுத்ததும் எனக்குப் பூரண குணம். ஆட்டோக்காரர் வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டிவிட்டு, மாமாவுக்கு மறுபடி போன் போட்டார். ஊருக்கே துக்கம் சொல்லிக்கொண்டிருந்ததால் மாமாவின் லைன் கிடைக்கவே இல்லை. எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டு, பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தால், எங்கள் தெருமுனையில் பத்தடி உயரத்தில் நான் சிரித்துக்கொண்டிருந்தேன். 'கண்ணீர் அஞ்சலி'. கீழே என் நண்பன், என்னைவிடப் பெரிய படத்தில். பந்தல்காரர் நாற்காலி இறக்கிக்கொண்டிருந்தார். அவசரத்துக்கு எங்கள் ஜனங்கள் தயாரா என்று ஆராய்ச்சி செய்யக் கிளம்பியவன் நான்!

அம்மா கட்டிப்பிடித்து அழுதாள். நடந்ததைச் சொன்னேன். ஓங்கி ஓர் அறை விட்டாள்.

"ஒனக்கு நடிப்புலே. எனக்கு?"

அந்த நிமிடம் நிஜமாகவே செத்துவிடலாம் போலிருந்தது.

மாலையோடு வந்திருந்த மாமனார், இந்தச் சம்பந்தமே வேண்டாம் என்று கிளம்பினார். கூட வந்திருந்த அவர் மகள் செல்விதான் நிறுத்தினாள்.

"செத்த மாதிரி கெடக்கக்கூட இவியளுக்குத் துப்பில்லப்பா. ஊசியப் பாத்ததும் எந்திரிச்சிட்டாவ. இவியளா நம்மள ஏமாத்தப் போறாவ?"

படிவத்தில் 'ஊர் தயார்' என்று எழுதிக் கொடுத்தேன். ஊரே தயார் என்றால் குழு எதற்கு? வேலை போயிற்று. மாமனார் தன் பாத்திரக்கடையில் உட்கார வைத்தார், கண்ணெதிரிலேயே கிடக்கட்டும் என்று. பேனர் இப்போது மொட்டைமாடியில் வாஷிங் மெஷினை மூடியிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காய்கறி வாங்கப் போகச் சொன்னால், தூங்குவதுபோலக் கிடந்து பார்ப்பேன். செல்வி குரலை உயர்த்தவே மாட்டாள். மகளிடம் சொல்வாள்:

"ஏட்டி, அந்த ஊசிய எடுத்துட்டு வா."