மாமனாரின் ஆப்பிரிக்கப் பயணத்துக்கு நான் தேர்ந்தெடுத்த மூன்று புத்தகங்கள்

எனக்கு இங்கிலீஷ் தெரியும் என்று யாரிடமும் சொன்னதில்லை. தெரியாது என்றும் சொன்னதில்லை. என் மானம் போனது இந்த இரண்டுக்கும் நடுவில் இருந்த சந்தில்தான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் கடைசியில் திண்டிவனம் தாலுகா ஆபீசில் நான் நகல் குமாஸ்தா. இங்கிலீஷ் கடிதங்களைப் பார்த்து அப்படியே எழுதுவேன். முத்து முத்தான கையெழுத்து. அர்த்தம் கேட்டால் மட்டும் வியர்க்கும். அந்தக் கையெழுத்தில் மயங்கித்தான் மல்லாட்டை (வேர்க்கடலைதான்) மண்டி முதலாளி ஒருவர் தன் மகள் ரஞ்சிதத்தை எனக்குப் பேசி முடித்தார். பெண்ணை நான் அதுவரை பார்க்கவில்லை.

அவருடைய தம்பி ஆப்பிரிக்காவில், மொம்பாசாவில் கடை வைத்திருந்தார். கப்பலேறிப் போய்க் காட்டு மிருகங்களைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்பது மாமாவின் ஆசை.

"விழுப்புரத்துல ஒரு ரயில்வே தொரை சீமைக்குத் திரும்பறாராம். புஸ்தகத்தையெல்லாம் வித்துக்கினு இருக்காரு. மிருகத்துக்கு ஒண்ணு, பட்சிக்கு ஒண்ணு, பிரயாணத்துக்கு ஒண்ணு எடுத்துக்கினு வாங்க மாப்ளே. எது எதுன்னு எனக்கு அடையாளம் தெரியணும்" என்றார்.

போனேன். துரை என்னமோ கேட்டார். "எஸ் சார்" என்றேன். மறுபடி என்னமோ கேட்டார். அதற்கும் அதேதான். (நல்ல மனிதர், சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டார்.) சிங்கப் படம் போட்டது மிருகத்துக்கு, இறகு போட்டது பட்சிக்கு, கப்பல் போட்டது பிரயாணத்துக்கு. மூன்றே நிமிஷத்தில் தேர்வு முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை மாமா வீட்டுக் கூடத்தில் உறவுக்காரர்கள் பத்துப் பேர் சூழ, சிங்கப் புத்தகத்தைப் பிரித்தேன். முதல் படத்தில் சிங்கம் முக்காலிமேல் இருந்தது.

"இன்னா மாப்ளே, ஸ்டூல்ல குந்திக்கினு இருக்குது?"

"அந்த ஊர்ல தரை சூடு மாமா."

அடுத்த படத்தில் ஒரு வெள்ளைக்காரன் சிங்கத்தின் வாய்க்குள் தலையை விட்டிருந்தான்.

"பல்லு வைத்தியரு" என்றேன்.

மாமா யோசித்தார். "அப்ப கிட்டப் போனா ஒண்ணும் பண்ணாதா?"

"பண்ணாதுன்னுதான் போட்டிருக்கு."

"அப்ப நானும் பக்கத்துல நின்னு ஒரு போட்டோ புடிச்சிக்கினு வர்றேன்."

கல்யாணத்துக்கு முன்பே மாமனாரைச் சிங்கத்துக்குக் கொடுத்த முதல் மாப்பிள்ளை நானாகத்தான் இருப்பேன். "வேணாம் மாமா" என்று எழுந்தேவிட்டேன். "எனக்கு எழுதத்தான் தெரியும். படிச்சா ஒரு எழுத்தும் புரியாது."

கதவுக்குப் பின்னாலிருந்து ரஞ்சிதம் வந்தாள். அவள் மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்தவள் என்பதை யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. புத்தகங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினாள்.

"இது சர்க்கஸ்ல சிங்கம் பழக்கறதுப்பா. இது வெள்ளைக்காரச்சிங்க தொப்பியில இறகு வச்சித் தைக்கறது. இது கப்பல்ல வாந்தி வராம இருக்கறதுக்கு." கொஞ்சம் நிறுத்தினாள். "இந்த ஒண்ணு உதவும்."

முதலில் சிரித்தது மாமாதான். பிறகு கூடமே சிரித்தது. ரஞ்சிதம் வாயை முந்தானையால் பொத்திக்கொண்டாள். "உயிரு போற விஷயம்னதும் உண்மையைச் சொல்லிட்டாரே, அது போதும்ப்பா" என்றாள். என் கல்யாணம் பிழைத்த இடம் அதுதான்.

மறுநாளே அப்பாவும் மகளும் விழுப்புரம் போனார்கள். (மூட்டை தூக்க நானும்.) துரையிடம் அவளே பேசி, மிருகங்களின் கால்தடம்கூடப் படம் போட்ட புத்தகமாகப் பார்த்து எடுத்தாள். மாமா ஆப்பிரிக்கா போய், எல்லாவற்றையும் தூரத்தில் நின்று பார்த்துவிட்டு முழுசாகத் திரும்பினார்.

இப்போதும் வீட்டில் இங்கிலீஷில் ஒரு மனு எழுத வேண்டுமென்றால் பேரப்பிள்ளைகள் காகிதத்தோடு எங்கள் இருவரையும் சேர்த்து உட்கார வைத்துவிடுகிறார்கள். "பாட்டி சொல்லட்டும், தாத்தா வரையட்டும்."