காற்று மண்டோர்

மலேசியாவின் கோல சிலாங்கூர் வட்டாரத்தில் ஆட்களை வேலை வாங்கிய மண்டோர்கள் எத்தனையோ பேர். காற்றை வேலை வாங்கியவர் ஒருவர்தான். அவருக்குக் கீழே ஒரு ஆள் கூடக் கிடையாது. ஆனால் கோடிக்கணக்கான ஆட்கள் இருப்பதாக அவர் சொல்லிக்கொள்வார்.

நான் அந்தச் செம்பனை ஆலையின் லேப்பில் ஏழு வருஷம் வேலை பார்த்தேன். எண்ணெய் பிழிந்த பிறகு மிஞ்சும் பழுப்புத் தண்ணீரை அப்படியே ஆற்றில் விட முடியாது. குளம் குளமாகத் தேக்கி, கடைசியில் வீடு உயரத்துக்கு இருக்கும் இரண்டு தொட்டிகளில் விடுவார்கள். அங்கே கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் அழுக்கைத் தின்று தண்ணீரைச் சுத்தம் செய்யும். அவற்றுக்கு மூச்சு விடக் காற்று வேண்டும். அதனால் ஒரு புளோவர் இயந்திரம் குழாய் வழியே காற்றை ஊதிக்கொண்டே இருக்கும். தொட்டியின் அடியில் ரப்பர் தட்டுகள் உண்டு, அவற்றின் பொடித் துளைகள் வழியே காற்று குமிழியாக மேலே வரும். கூடவே ஒரு கலக்கி சுற்றி, சேறு அடியில் தங்காமல் பார்த்துக்கொள்ளும். இதையெல்லாம் கவனித்து நோட்டில் எழுதுவது எங்கள் காத்து மண்டோரின் வேலை. அவருடைய சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது.

காலை ஏழு மணிக்குத் தோட்டத்து மண்டோர்கள் பெரட்டுக்களத்தில் ஆள் கணக்கு எடுக்கும்போது, இவர் தொட்டி மேல் ஏறித் தட்டுகளுக்குப் பெரட்டு எடுப்பார். தண்ணீரில் குமிழி வரும் இடங்களை விரல் நீட்டி எண்ணுவார். ஒரு தொட்டிக்கு இருபத்து நாலு. ஒன்று குறைந்தால் என் லேப் வாசலுக்கு வந்துவிடுவார்.

"லேப் தங்கச்சி, பதினேழாம் நம்பர் இன்னிக்கு லீவு."

"சொல்லாம போட்டுட்டாரா அண்ணே?"

"வாய் அடச்சிருக்கு. சாயந்திரம் கழட்டிக் கழுவணும்."

கலக்குவது வேறு, காற்றுக் கொடுப்பது வேறு என்பது அவருடைய வேதம். அதை ஊருக்கே புரியவைக்காமல் அவர் ஓயவில்லை. ஒருமுறை தஞ்சோங் காராங் சாலையோரக் கடையில் தே தாரிக் டீ ஆற்றிக்கொண்டிருந்தவரை நிறுத்திவிட்டு எங்களுக்குப் பாடம் எடுத்தார். "கரண்டிய விட்டு கலக்குனா சீனி கரையும், அவ்ளோதான். இப்படித் தூக்கி இழுத்தாத்தான் காத்து உள்ள போவும், நொர வரும். நம்ம தொட்டிக்கு ரெண்டும் வேணும்." தே தாரிக் ஆற்றியவர் குவளையை அந்தரத்தில் பிடித்தபடி நின்றார். பின்னால் ஆறு பேர் வரிசையில் இருந்தார்கள்.

புஞ்சாக் ஆலாமில் ஒரு கல்யாணத்துக்குப் போனோம். மண்டப வாசலில் பெரிய மீன் தொட்டி. மீன்களெல்லாம் ஒரு மூலையில் மேலே வந்து வாய் பிளந்துகொண்டிருப்பதை இவர் பார்த்துவிட்டார். பிறகு என்ன, பட்டுச் சட்டையின் கையை முட்டி வரை சுருட்டி, தண்ணீருக்குள் கையை விட்டு, காற்று வரும் கல்லை இடம் மாற்றி வைத்தார். மாப்பிள்ளை ஊர்வலம் அவருக்குப் பின்னால் வந்து நின்றுவிட்டது. மாப்பிள்ளையின் அப்பா கேட்டார், "நீங்க பொண்ணு வீடா, மீன் கடையா?"

"ரெண்டும் இல்லீங்க. காத்து" என்றார் இவர்.

இந்த மனிதரின் நோட்டை முதன்முதலாக முழுசாகப் படித்தவர் சிக் நோர், அதாவது மிஸ் நோர். புதிதாக வந்த இஞ்சினியர், மலாய்க்காரப் பெண், ஆறு மாதச் சோதனைக் காலத்தில் இருந்தவர். நோட்டை மலாயில்தான் எழுத வேண்டும். காற்றைத் திறந்துவிட்டேன் என்பதற்கு மண்டோர் தினமும் "தங்கி டுவா மாசோக் ஆங்கின்" என்று எழுதிவந்தார். இரண்டாம் தொட்டிக்குள் காற்று போய்விட்டது என்று அவர் கணக்கு. ஆனால் மலாயில் மாசோக் ஆங்கின் என்றால் வயிறு உப்பி உடம்புக்கு முடியாமல் போவது. நமுத்துப்போன பிஸ்கட்டுக்கும் அதே சொல்தான்.

சிக் நோர் சிரிப்பை அடக்கிக்கொண்டு அர்த்தத்தை விளக்கினார். மண்டோரின் முகம் சுருங்கிவிட்டது. "இத்தன வருஷமா நல்லா இருந்த தொட்டிய சீக்குன்னா எழுதிக்கிட்டு இருந்தேன்? என்னா மானக்கேடு லா."

இனி அந்தச் சொல்லைச் சீக்கு என்ற சரியான அர்த்தத்தில் மட்டுமே பயன்படுத்துவது என்று அன்றே முடிவு செய்துவிட்டார். சிக் நோர் போகும்போது, "பரவாயில்லை அங்கிள், பழக்கப்படியே எழுதுங்கள், எனக்குப் புரியும்" என்றும் சொன்னார். அதைச் சொன்னது புளோவருக்குப் பக்கத்தில். மண்டோர் அதற்குள் காதடைப்பானை மாட்டிவிட்டிருந்தார், காதில் விழவில்லை.

அடுத்த மாதம் ஆலையில் தானியங்கிக் கருவி வந்தது. தண்ணீரில் ஒரு உணரியைத் தொங்கவிட்டால், காற்று போதுமா என்று அதுவே அளந்து புளோவரைக் கூட்டும், குறைக்கும். ஒரு மாதம் சரியாக ஓடினால் மண்டோரை லோரியிலிருந்து பழக்குலை இறக்கும் ரேம்ப்புக்கு மாற்றிவிடுவதாக ஏற்பாடு. அது அவருக்கும் தெரியும். பெரட்டை மட்டும் விடவில்லை. நோட்டில் சொல்ல ஒன்றும் இல்லாத நாட்களில் கட்டத்தைக் காலியாக விட்டார்.

மூன்றாம் வாரம் திங்கட்கிழமை எழுதினார்: தங்கி டுவா மாசோக் ஆங்கின்.

இரண்டாம் தொட்டிக்கு உடம்பு சரியில்லை என்று, வாழ்க்கையிலேயே முதன்முறையாகச் சரியான மலாயில் எழுதியிருந்தார். சிக் நோர் அதைப் பார்த்து, அங்கிள் பழைய பழக்கத்துக்குத் திரும்பிவிட்டார், காற்று நன்றாகப் போகிறது என்று எடுத்துக்கொண்டு, டிக் போட்டார். செவ்வாய்க்கிழமையும் அதே வரி, அதே டிக். புதன்கிழமை மூன்றாவது முறையும் எழுதிவிட்டு மண்டோர் நேரிலேயே கேட்டார், "சிக், நோட்டுல பாத்தீங்களா?" அவர் கட்டை விரலை உயர்த்தி, "பாகுஸ், அங்கிள்" என்றார்.

மண்டோர் பொருமிக்கொண்டு என்னிடம் வந்தார். "சீக்குன்னு எழுதுறேன், பாகுஸ்ங்கிறாங்க. ஒரு மூலையில மட்டும் கொதிக்குது தங்கச்சி. மிச்சவன்லாம் மூச்சு முட்டிக் கெடக்கான்."

ரேம்ப்புக்குப் போகிற பயத்தில் கருவியைக் குறை சொல்கிறார் என்று நினைத்தேன். வியாழக்கிழமை தண்ணீர் மாதிரி எடுக்கும்போது பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

வியாழக்கிழமை போத்தலைத் திறந்ததும் அழுகிய முட்டை நாற்றம். தண்ணீர் கருத்திருந்தது. மறுநாள் சுற்றுச்சூழல் அதிகாரிகள் வருவதாக இருந்தது. நான் ஓடிப்போய்ச் சொன்னேன். கருவி "காற்று தாராளம்" என்கிறதே என்று சிக் நோர் குழம்பினார். மூன்று பேரும் தொட்டி மேல் ஏறினோம். ஒரு மூலையில் தண்ணீர் பானை மாதிரி கொப்பளித்தது. அடியில் ஒரு தட்டு கிழிந்து, காற்றெல்லாம் அந்த ஓட்டை வழியாகவே வந்துகொண்டிருந்தது. உணரி தொங்கியதும் சரியாக அதற்கு மேலேதான். அது தனக்குக் கிடைத்த காற்றை வைத்து, ஊருக்கெல்லாம் போதும் என்று புளோவரைக் குறைத்துவிட்டிருந்தது.

"மூணு நாளா எழுதியிருக்கேன்" என்று மண்டோர் நோட்டை நீட்டினார். சிக் நோர் அந்த மூன்று வரிகளையும், தான் போட்ட டிக்குகளையும் பார்த்தார்.

ஆற்றுக்குப் போகும் வழியை உடனே மூடினோம். கழிவைக் காலிக் குளத்துக்குத் திருப்பினோம். மண்டோர் கருவியை நிறுத்திவிட்டுத் தன் கையாலேயே புளோவரைக் கூட்டினார். அதிகாரிகள் வந்தபோது ஆற்றுக்கு ஒரு சொட்டும் போகவில்லை. உண்மையைச் சொன்னோம், எழுதிக்கொண்டு போனார்கள். ஆனால் ஆலை இரண்டு நாள் குலை வாங்கவில்லை, லோரிகள் சாலை வரை நின்றன. மேனேஜர் எங்கள் மூவரையும் கூப்பிட்டார். அவர் தமிழர்.

"யாரு தப்பு இது?" என்று மலாயில் கேட்டார்.

சிக் நோர் வாயைத் திறந்தார். அதற்குள் மண்டோர் தமிழில் முந்திக்கொண்டார்.

"என் மலாய்தான் தப்பு சார். காத்து பத்தலன்னு எழுத வேண்டியது, காத்து போவுதுன்னு எழுதிட்டேன். அந்தப் புள்ள நான் எழுதுனத நம்பி டிக் போட்டுச்சு."

சிக் நோருக்குத் தமிழ் தெரியாது. யார் என்ன சொல்கிறார்கள் என்று மாறி மாறி எங்கள் முகத்தைப் பார்த்தார். மண்டோர் என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் வாயை மூடிக்கொண்டேன். திங்கட்கிழமையிலிருந்து அவருக்கு ரேம்ப்.

வெளியே வந்ததும், "ஏண்ணே இப்படிச் செஞ்சீங்க?" என்றேன்.

"அந்தப் புள்ளைக்கு வேல நெலைக்க இன்னும் ரெண்டு மாசம் இருக்கு. இது அது பேர்ல ரிக்கார்டுல ஏறுனா அனுப்பிடுவாங்க. நான் எப்படியும் ரேம்ப்புக்குப் போறவன்தானே லா. நீ சொல்லிடாத."

இரண்டு மாதம் சொல்லவில்லை. ரேம்ப்பில் அவர் குலைகளுக்குப் பெரட்டு எடுக்கிறார் என்று லோரி ஓட்டுநர்கள் சிரித்தார்கள். தொட்டிகளுக்குப் புதுத் தட்டும் இன்னொரு உணரியும் வந்து எல்லாம் ஒழுங்காகத்தான் ஓடின. எனக்குத்தான் அந்தப் பக்கம் போகவே பிடிக்கவில்லை. யாரும் லீவு போட்டதாகச் செய்தி கொண்டுவராத லேப், வெறும் லேப்பாக இருந்தது.

சிக் நோருக்கு வேலை நிரந்தரமான கடிதம் வந்த அன்று மதியம் நான் உண்மையைச் சொன்னேன். அவர் சாப்பாட்டுப் பொட்டலத்தை அப்படியே மூடிவைத்துவிட்டு மேனேஜர் அறைக்குப் போனார். உள்ளே என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது. நேராக ரேம்ப்புக்கு நடந்தார்.

அடுத்த திங்கட்கிழமை ஏழு மணிக்கு மண்டோர் பழையபடி தொட்டி மேல் நின்று விரல் நீட்டி எண்ணிக்கொண்டிருந்தார். அன்று எனக்கு மாதிரி எடுக்கும் வேலை இல்லை, போத்தலும் கொண்டுபோகவில்லை. சும்மா படியேறிப் போய், அவர் எண்ணி முடிக்கும்வரை பக்கத்தில் நின்றுவிட்டு வந்தேன்.