உயிரோடிருப்போர் செலவு

ஒரு நாட்டின் கஜானாவைக் கரைப்பது போரும் அல்ல, பஞ்சமும் அல்ல. பிடிவாதமாக உயிரோடிருக்கும் குடிமக்களே. இந்த மகத்தான உண்மையைக் கண்டுபிடித்த பெருமை நிதித்துறை ஆலோசகர் ஒருவரையே சேரும்.

இலவச சிகிச்சை மசோதா சபையில் நாள்கணக்காக இழுபட்டுக்கொண்டிருந்தது. திட்டம் வந்தால் பணம் மிச்சம் என்றது ஆளுங்கட்சி; நாடே திவாலாகும் என்றது எதிர்க்கட்சி. கத்திக் கத்தித் தொண்டை கட்டிய இரு தரப்புக்கும் சபை மருத்துவர் மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தார், இலவசமாகத்தான்.

கடைசியில் ஆலோசகரைக் கூப்பிட்டார்கள். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு எழுந்து, இரு தரப்பும் சொல்வது தப்பு என்றார். மருந்துக்கும் கத்திக்கும் ஆகும் செலவு அற்பம். ஆபத்து அதற்குப் பிறகுதான்: குணமானவர்கள் வீட்டுக்குப் போய், சாகாமல், வருடக்கணக்கில் ஓய்வூதியம் வாங்குகிறார்கள்.

முதன்முறையாக இரு தரப்பும் சேர்ந்து கைதட்டின. "பொறுப்பான திருத்தம்" ஒன்றோடு மசோதா அன்றே நிறைவேறியது: சிகிச்சை எல்லோருக்கும் உண்டு, ஓய்வூதியக்காரர்கள் மட்டும் "சற்றுக்" காத்திருக்க வேண்டும். எதுவரை என்று கேட்கும் அநாகரிகம் யாருக்கும் வரவில்லை.

மிதப்போடு வீடு திரும்பிய ஆலோசகரை மனைவி வாசலிலேயே நிறுத்தினாள். அவளுடைய அப்பா, ஓய்வுபெற்ற ரயில் ஓட்டுநர், அவர்களோடுதான் இருந்தார். இதயத்தில் அடைப்பு, நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும். ஆபரேஷனுக்கு இந்த மசோதாவைத்தான் நம்பியிருந்தார்.

"அப்பாவை எப்ப கூப்பிடுவாங்க?" என்று மட்டும் கேட்டாள்.

லட்சக்கணக்கான உயிர்களைச் சரளமாகக் கூட்டிக் கழித்தவர், இந்த ஓர் உயிரின் கணக்கைக் கேட்காதவர்போலச் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நழுவினார்.

மறுநாள் காலையிலேயே மருத்துவமனைக் கண்காணிப்பாளரிடம் ஓடினார். அவர் எழுந்து நின்று கைகுலுக்கினார்; டீ வரவழைத்தார்; ஆலோசகரின் உரையை அதற்குள் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருப்பதைக் காட்டிப் பூரித்தார். மாமனாரைக் கொஞ்சம் முன்னால் தள்ளிவிட முடியுமா என்று ஆலோசகர் இழுத்ததும் அந்த மனிதரின் முகம் வாடிவிட்டது.

"என்ன சார், நீங்களே இப்படிக் கேக்குறீங்க? அவர் பிழைச்சுட்டா பட்ஜெட்ல துண்டு விழுமே."

வீட்டில் மாமனார் சோபாவில் சாய்ந்து, சபைப் பேச்சின் மறுஒளிபரப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆலோசகர் தரையைப் பார்த்தபடி விஷயத்தைச் சொல்லி முடித்து, மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார். மாமனார் கையமர்த்தினார். டிவி சத்தத்தைக் குறைத்து, மூச்சை நிதானப்படுத்திக்கொண்டார்.

"நல்லாத்தான் பேசியிருக்கீங்க மாப்பிள்ளை. துண்டு விழாம பாத்துக்கிட்டீங்க. ஆள் விழுந்தா தூக்க நாலு பேர் வேணுமே, அந்தச் செலவை எந்தப் பக்கம் எழுதியிருக்கீங்க?"