ஜெனி சொன்ன முதல் வார்த்தை

ஏங்கிக் கிடப்பவள் காதில் எது விழுந்தாலும் ஏங்கியதாகவே விழும். இதைச் சொல்ல எனக்கு முழுத் தகுதி உண்டு. இந்தப் பாடத்துக்கு ஒரு நல்ல காட்டன் சேலையைப் பலி கொடுத்தவள் நான்.

என் மகள் ஜெனி எதையும் நிதானமாகத்தான் செய்தாள். நடக்கவே இரண்டரை வயதானது. வளர்ச்சி கொஞ்சம் தாமதம் என்றார் டாக்டர். புனே வானவடியில் எங்கள் பில்டிங் பிள்ளைகள் நாலு வயதில் மூன்று மொழிகளில் சண்டை போட, இவள் வாயே திறக்கவில்லை. நான் அடுப்படியில் நின்று அழுவேன் (பழி வெங்காயத்துக்கு). எனக்கு வேண்டியது ஒரே ஒரு 'அம்மா'.

வாரம் இருமுறை ஸ்கூட்டரில் அவளைப் பேச்சுப் பயிற்சிக்குக் கூட்டிப்போவேன். பயிற்சி தந்த மேகா மேடம் மராத்திக்காரர். ஒரே வார்த்தையைத் தினம் நூறு தடவை சொல்லுங்கள், அதுதான் முதலில் வரும் என்று இந்தியில் சொல்லியிருந்தார். நானும் விடாமல் 'அம்மா' என்று ஜெபித்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் பயிற்சியில் கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்த ஜெனி சட்டென்று எழுந்தாள். என்னைப் பார்த்துத் தெளிவாகச் சொன்னாள்: "ஆயி."

"அரே வா!" என்று மேகா மேடம் துள்ளினார். "ஆயி! உங்களைத்தான் கூப்பிடுகிறாள்!"

மராத்தியில் ஆயி என்றால் அம்மா. புனேயில் பிறந்த பிள்ளை, மராத்தியில் கூப்பிட்டால் என்ன குறைந்துவிட்டது? அள்ளி மடியில் போட்டுக்கொண்டேன்.

"இன்னொரு தடவ சொல்லு, தங்கம்!"

"ஆயி!"

முத்தம். மறுபடி "ஆயி!" மறுபடி முத்தம். அவள் நெளிந்தாள், திமிறினாள். பாசம் என்று நினைத்து இன்னும் இறுக்கினேன். வெளியே காத்திருந்த அம்மாக்கள் ஓடிவந்து கைதட்டினார்கள். பெருமை தாங்காமல் ஒரு கையால் கணவருக்குப் போன் போட்டேன்.

"ஏங்க, பிள்ளை பேசிட்டா! என்னைய ஆயின்னு கூப்பிடுதா!"

அவர் திருநெல்வேலிக்காரர். அங்கே வீடுகளில் ஆயிக்கு ஒரே அர்த்தம்தான். (நானும் அதே ஊர்தான். அன்றைக்கு மராட்டிய ராணியாகிவிட்டேன்.)

"ஏட்டி, கூறுகெட்டவளே! பிள்ளையக் கீழ விடு! பாத்ரூம் எங்கன்னு கேளு!"

அவர் சொல்லி முடிப்பதற்குள் என் மடி சூடானது.

டயப்பரை நிறுத்தி ஒரு மாதம் ஆகியிருந்தது. அந்த மாதம் முழுக்க 'அம்மா'வையும் மிஞ்சி நான் தினம் நூறு தடவை சொன்னது "ஆயி வருதா?" என்பதுதான்.

பாத்ரூமில் சேலையை அலசியபடி அழுதேன். நாற்றத்துக்காக இல்லை. ஐந்து நிமிடம் அம்மாவாக இருந்துவிட்டு இறங்கிய துக்கம். மேகா மேடம் தன் துப்பட்டாவை நீட்டினார். தமிழ் ஆயிக்கு என்னிடம் அர்த்தம் கேட்டதிலிருந்து கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"வருவதற்கு முன்னாலேயே சொன்னாளே! சரியான நேரத்தில், சரியான ஆளிடம். அவள் பேசிவிட்டாள். காது கேட்காதது நமக்குத்தான்."

'அம்மா' வர அப்புறமும் எட்டு மாதமானது. இப்போது ஜெனிக்குப் பதின்மூன்று வயது. பேச்சு மெதுவாகத்தான் வரும், குறும்புக்கு மட்டும் தாமதமே இல்லை. வீட்டுக்கு யாராவது வந்து நான் புதுச்சேலையில் ஜம்மென்று உட்கார்ந்திருந்தால், பின்னால் வந்து தோளைப் பிடித்து, "ஆயி..." என்பாள். நான் பதறி எழுவேன். அவள் அப்பா உள்ளே சிரிப்பது கேட்கும்.

அவள் ஒவ்வொரு சொல்லாக எடுத்துவைப்பாள்: "அம்மாவ... தான்... கூப்ட்டேன்."